கியூவில் ஒளிக்கப் போனவன்

அறுபத்தாறு வயது முடிந்த அன்று காலை ஒரு வீர முடிவு எடுத்தேன். என் பழைய கொம்பனி பாதிக் காசு கட்டிவந்த தனியார் மருத்துவக் காப்புறுதியை நிறுத்திவிட்டு, அரசாங்க வைத்தியத்துக்கு மாறுவது.

காசு மிச்சம் பிடிக்க என்று வீட்டில் சொன்னேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். பயம்.

வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில் யாரோ ஒருவருடைய மனைவியிடம் போய், "சரி, வாரும், வீட்ட போவம்" என்று நான் கூப்பிட்ட நாளிலிருந்து, என் சொந்த மனைவி நகுலேஸ்வரி ஒப்பரேசன், ஒப்பரேசன் என்று உருவேறி ஆடத் தொடங்கினாள். குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பத்மநாதன் அண்ணையோ, தான் செய்துகொண்ட கதையை ரசித்து ரசித்துச் சொன்னார்.

"மயக்கமெல்லாம் இல்லைத் தம்பி. நாங்கள் முழிச்சுக்கொண்டு கிடக்க, கண்ணுக்குள்ள கத்தியை விடுவினம்."

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

காப்புறுதி இருந்தால் ஆபத்து. ஒரு போன் போட்டால் கிழமைக்குள் கூப்பிட்டு வெட்டிவிடுவார்கள். பொலிசி என் பெயரில் என்பதால் நான்தான் போன் எடுக்க வேண்டும். எத்தனை நாளைக்கு "லைன் பிஸி" என்று சமாளிப்பது? அரசாங்கம் என்றால் கியூ. அதற்குள் போய் ஒளித்துக்கொண்டால், நான் கண்ணை மூடும்வரை என் கண்ணைத் தொட ஆள் வராது.

"இஞ்சாரும், இன்சூரன்ஸை நிப்பாட்டப் போறன்."

"உங்களுக்கென்ன விசரே? கொம்பனி பாதி கட்டுது."

"மற்றப் பாதி நானெல்லோ கட்டிறன். இவ்வளவு காலமும் வரி கட்டினனான். அரசாங்கம் பாக்கட்டும்."

"அங்க வருசக்கணக்காக் காத்துக் கிடக்கவேணும்."

"கிடப்பம். எனக்கென்ன அவசரம்?"

"நான் விடமாட்டன். நிப்பாட்டினா உங்களோட கதைக்கவே மாட்டன்."

ஒரு புருசனை இதைவிட எப்படி ஊக்கப்படுத்துவது? மத்தியானத்துக்குள் நிறுத்திவிட்டேன். அதற்கு மட்டும் லைன் பிஸியாக இருக்கவில்லை.

அவளுடைய கோபம் பின்னேரத் தேத்தண்ணி வரைதான் நின்றது.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. அரசாங்கமெண்டாலும் பேரைப் பதியத்தானே வேணும். கண்ணாடிக் கடைக்கு வாங்கோ, அங்கதான் கண்ணைச் சோதிச்சு ஆஸ்பத்திரிக்கு எழுதுவினம்."

கியூவில் ஒளிக்க வேண்டுமென்றால் கியூவுக்குள் நுழையத்தான் வேண்டும். சிரித்த முகத்துடன் போனேன். சுப்ரியா என்ற பிள்ளை இரண்டு கண்ணையும் சோதித்துவிட்டு நகுலாவிடம் ஏதோ கேட்டாள். நகுலா ஏதோ சொன்னாள். நான் கண்ணாடிப் பிரேம் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில கிழமைகளில் போன் வந்தது. நகுலா எடுத்தாள். "யெஸ், யெஸ், ஹி வில் கம்" என்று வைத்தாள்.

"ஆர்?"

"ஆஸ்பத்திரி. வாற வியாழன் ஒப்பரேசன்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"இன்சூரன்ஸில போகமாட்டன் எண்டு நிண்டியளே, அதே தனியார் ஆஸ்பத்திரி. கியூ நீளமெண்டு அரசாங்கமே காசு கட்டி அங்க அனுப்புது. எந்த இடம் வேணுமெண்டு சுப்ரியா கேட்டவ. கெதியாச் செய்யிற இடமெண்டு சொன்னனான்."

"இது உமக்கு முந்தியே தெரியுமோ?"

"கோயில்ல பாதிச் சனம் அப்பிடித்தானே செய்தது."

"பின்னை ஏன் நிப்பாட்டாதேங்கோ எண்டு சண்டை பிடிச்சனீர்?"

"நிப்பாட்டுங்கோ எண்டிருந்தா நிப்பாட்டியிருப்பியளோ? இன்சூரன்ஸ் இருக்குமட்டும் நீங்கள்தான் போன் எடுக்கவேணும். நீங்கள் எடுத்த வடிவை நானும் பாத்தனான்." பிறகு குரல் இறங்கியது. "படியில ரெண்டு தரம் தடக்கிப்போட்டியள். எனக்குப் பயமாக் கிடக்கு."

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. அந்த ஈரத்தையும் விடாமல் பயன்படுத்தப் பார்த்தேன்.

"நகுலா, உண்மையச் சொல்றன். எனக்கும் பயம். இடது கண் இருக்குத்தானே, அதால சமாளிக்கிறன்."

"அதுக்கு அடுத்த மாசம் பதிஞ்சிருக்கு."