‘நிறுத்து’ பாயின் கொடிக்காரன்

பம்மல் முழுக்கத் துப்பாக்கி வைத்திருந்த ஒரே மனிதர் அவர்தான். அதைக் கண்டு என்னைவிட அதிகமாகப் பயந்த ஒரே மனிதரும் அவர்தான். நிஜப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. ‘நிறுத்து பாய்’ என்று சொன்னால் ஷேர் ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார்.

தோல் பதனிடும் மெஷின்களைப் பழுது பார்ப்பது அவர் தொழில். துப்பாக்கி என்றால் ஏர்கன். செல்போன் வாங்கியவனெல்லாம் மிஸ்டு கால் மட்டுமே கொடுத்துக் காசைக் காப்பாற்றிய காலம் அது. ஞாயிறு காலையில் எங்கள் கையுறை தைக்கும் பட்டறை ஆட்கள் நாலைந்து பேர் அவரோடு கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போவார்கள். பாறைச் சுவருக்கு முன்னால் கோணியைத் தொங்கவிட்டு, அட்டையில் வட்டம் போட்டுச் சுடுவார்கள்.

சுடுவது பத்து நிமிடம், ரூல் ஒரு மணி நேரம். சுடுவதற்காகச் சிவப்புக் கொடி ஏறியிருந்தால், தரையில் விரித்த கோரைப்பாயைத் தாண்டி யாரும் முன்னால் போகக் கூடாது. பையன்கள் வெறுங்காலோடு குளிக்க வரும் இடம் என்பதால் கண்ணாடி பாட்டிலை வைத்துச் சுடக் கூடாது. உயிர் உள்ள எதையும் குறி பார்க்கவே கூடாது. முப்பது குண்டு சுட்டால் கோணிக்கடியில் முப்பதும் கிடைக்க வேண்டும். இருபத்தொன்பது என்றால் டீ கிடையாது, தேடு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரூல். யார் ‘நிறுத்து’ என்று கத்தினாலும், ஆடு மேய்க்கும் அக்காவே கத்தினாலும், துப்பாக்கியைக் கோரைப்பாயில் வைத்துவிட்டு மூன்றடி பின்னால் போக வேண்டும். ஏன் என்ற கேள்வி அப்புறம்தான்.

“லைசென்சே வேணான்றான் கடைக்காரன். உனுக்கு இன்னாத்துக்கு பாய் இவ்ளோ ரூலு?” என்றான் எங்கள் கட்டிங் மாஸ்டர்.

“கவர்மெண்ட் ரூல் போடாத எடத்துல நாமளே போட்டுக்கினாத்தான்டா உண்டு.”

நான் எட்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன்; பயத்தில் மட்டும் பட்டம் வாங்கியவன். வீட்டைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து நாலாவது தடவையும். குவாரிக்குப் போன முதல் நாளே பதினோரு தடவை ‘நிறுத்து’ என்று கத்தினேன். ஓணானுக்கு ஒன்று, பறந்த பிளாஸ்டிக் பைக்கு ஒன்று. கடைசி நாலும் எதற்கென்று எனக்கே தெரியாது.

“யோவ், இந்த நடுக்கத்த யார்யா இட்டுகினு வந்தது? ஒரே பேஜாரா கீது!” என்றான் கட்டிங் மாஸ்டர்.

பாய் அவனை முறைத்தார். “அவன் தப்பா நிறுத்துனா உனுக்கு டீதான் ஆறும். நீ தப்பா சுட்டா?” என்று கேட்டுவிட்டுக் கொடியை என் கையில் கொடுத்தார். “பயப்படறவன்தான் இத்த புடிக்கணும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாட் போட்டு விற்கும் பெரிய மனிதர் ஒருவர் வெள்ளை ஜீப்பில் வந்தார். கையில் புத்தம்புது ஏர்கன். பாய் ரூல் சொல்ல ஆரம்பித்தார்.

“இது யார் எடம்னு தெரியுமா பாய்?”

“பொறம்போக்கு சார். எல்லார் எடமும். அதனாலதான் ரூலு.”

அவர் சிரித்துவிட்டு, குவாரித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் கோரைப்புல்லுக்கு முன்னால் நின்ற கொக்கைக் குறி பார்த்தார். புல்லுக்கு நடுவே மஞ்சளாக ஏதோ அசைந்தது போல இருந்தது எனக்கு. புடவையா, பூவா, என் பயமா? தெரியவில்லை.

“நிறுத்து!”

எங்கள் ஆட்கள் பாயின் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அவர் மட்டும் வைக்கவில்லை.

“நின்னுகிட்டே நடுங்குற ஆளு சொல்லி நான் நிறுத்தணுமா?”

முதல் ரூலோ முப்பதாவது ரூலோ, பாய் எல்லாவற்றையும் மறந்து நேராக நடந்துபோய்த் துப்பாக்கி முனைக்கு முன்னால் நின்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

“தள்ளு பாய், பட்டுடும்.”

“படும் சார். அதுக்குத்தான் எறக்கச் சொல்றேன். எங்க கொடிக்காரன் நிறுத்துன்னுட்டான்.”

அப்போது புல்லுக்குள்ளிருந்து ஆட்டுக்கார அக்கா அரிவாளோடு எழுந்தாள். மஞ்சள் புடவை. “இன்னாய்யா அங்க சத்தம்?”

பெரிய மனிதரின் முகம் வெளுத்தது. துப்பாக்கி தானாக இறங்கியது. ஜீப் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் நான் கொடியை இறக்கினேன்.

அடுத்த ஞாயிறு பாய் துப்பாக்கியைத் தொடவில்லை. கொடி ஏறியிருக்கும்போது முன்னால் போனவனுக்கு நாலு வாரம் தடையாம். “பாய், நீ ஓர் உயிர காப்பாத்துன!” என்று எல்லோரும் மல்லுக்கு நின்றோம்.

“அதுக்குத் தனி ரூலு எழுதி வெச்சிருக்கனா?” என்று கேட்டுவிட்டு, நாலு வாரமும் ஓரமாக உட்கார்ந்து குண்டு பொறுக்கினார்.

இன்று அங்கே அடுக்குமாடி நிற்கிறது. பட்டறையில் மெஷின் சத்தம் மாறினால் இப்போதும் ‘நிறுத்து’ என்று கத்துகிறேன். தொடைநடுங்கி என்கிறார்கள். சொல்லட்டும். ஆமாம், தொடைநடுங்கிதான். பத்து விரலோடு வீட்டுக்குப் போகிறவர்கள்தானே சொல்கிறார்கள்.

அன்று, தடை முடிந்த ஐந்தாவது ஞாயிறு, பாய் குண்டைப் போட்டு வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “சுடலாமாப்பா?” நான் புல்லைப் பார்த்தேன், பாறையைப் பார்த்தேன், ஆடுகளை எண்ணினேன், மறுபடியும் புல்லைப் பார்த்தேன். டீ ஆறியது. அவர் விசையில் விரல் வைக்காமலே இருந்தார்.

நான் பயந்து முடிக்கிற வரைக்கும் வேறு யாரும் எனக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.