குணமடையாமைச் சான்றிதழ்

குழந்தைகள் தசை அழற்சி நோய் ஆய்வு மற்றும் சிகிச்சைத் தொடர்ச்சி ஒப்புதல் பிரிவு இரண்டாம் மாடியில் இயங்கியது. மாடிப்படி ஏற முடியாத குழந்தைகளுக்கான பிரிவை வேறு எங்கே வைப்பார்கள்?

மருந்தைத் தொடர ஒப்புதல் கேட்டு அங்கே வந்த ஓர் எலக்ட்ரீஷியனின் எட்டு வயது மகளுக்குச் சில்வண்டு என்று பெயர். ஆறு மாதத்துக்கு முன் கண்ணிமை ஊதா நிறமாகி, விரல் முட்டியெல்லாம் சிவந்து, தலைவாரக்கூடக் கை தூக்க முடியாமல் கிடந்தாள். ஆய்வில் சேர்த்து மாதம் ஒருமுறை ஏற்றிய புது மருந்தில் எழுந்து உட்கார்ந்தாள். இன்று இரண்டு மாடியும் தானே ஏறி வந்தாள். அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்கியது.

பரிசோதனை எளிமையானது. மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வீட்டில் தினமும் பழகியதால் சில்வண்டு முழுசாக இரண்டு நிமிடம் பிடித்தாள். எலக்ட்ரீஷியனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒப்புதல் அலுவலர் முகத்தைச் சுளித்தார்.

"தசை பலவீனம் உள்ள குழந்தைக்குத்தாங்க மருந்து. உங்க பொண்ணு பலமா இருக்கா. நிறுத்தியாச்சு."

"சார், மருந்தாலதான பலம் வந்துச்சு? நிறுத்தினா திரும்பப் படுத்துடுவான்னு டாக்டரே சொன்னாரு."

"படுக்கட்டும். படுத்ததும் ஒரு மனு குடுங்க. மூணு மாசத்துல பரிசீலிப்போம்."

கருணையோடு, அடுத்த வாரம் ஒரு மறுபரிசோதனைக்கு மட்டும் விதியில் இடமிருப்பதாகச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் இருந்த ஒரு அம்மா குரலைத் தாழ்த்தினார். "புதுசா? என் பையன் பத்து செகண்டுல தலையைப் போட்டுடுவான். இங்க எல்லாரும் அப்படித்தாண்ணே. வீட்டுல சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வரணும்."

அந்த வாரம் முழுக்க வீட்டில் பலவீனப் பயிற்சி நடந்தது. அப்பா மணி பார்க்க, மகள் தலையைத் தூக்கி, எண்ணிப் பன்னிரண்டாவது செகண்டில் கீழே போட வேண்டும். பாழாய்ப்போன தலை விழமாட்டேன் என்றது.

"நான் நல்லாயிட்டேன்னு சொல்லக்கூடாதாப்பா?"

"அங்க மட்டும் சொல்லாதடா செல்லம்."

சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. மருந்து நின்றுவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மறுபரிசோதனையில் சில்வண்டு பதினோராவது செகண்டிலேயே தலையைப் போட்டு, கூடவே ஒரு முனகலையும் இலவசமாகத் தந்தாள். அலுவலர் மகிழ்ந்து கைகுலுக்கினார்.

"வாழ்த்துகள். உங்க பொண்ணு இன்னும் பலவீனமாத்தான் இருக்கா."

மருந்து தொடர்ந்தது. மூன்று மாதம் கழித்து ஆய்வில் இருந்த நாற்பத்தொரு குழந்தைகளின் பெற்றோரையும் கூடத்துக்கு வரச்சொன்னார்கள். ஆய்வு முடிவை அலுவலர் எழுந்து நின்று வாசித்தார். மேற்படி மருந்து கொடுக்கப்பட்ட நாற்பத்தொரு குழந்தைகளில் ஒருவருக்கும் யாதொரு முன்னேற்றமும் காணப்படவில்லை. எனவே பயனற்ற அம்மருந்து இன்றுமுதல் கைவிடப்படுகிறது.

வெளியே வராந்தாவில் பயன்பெறாத நாற்பத்தொரு பேரும் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓடாதீங்க என்று காவலாளி தொண்டை கிழியக் கத்தினார்.

எலக்ட்ரீஷியன் எழுந்தார். "சார், மருந்து நல்லா வேலை செய்யுது. கொஞ்சம் வராந்தாவை எட்டிப் பாருங்க."

"ஆய்வுத் திட்டத்துல வராந்தா கிடையாதுங்க." அலுவலர் யோசித்தார். அவரும் ஒன்றும் கல்நெஞ்சர் அல்ல. "சரி, ஒண்ணு பண்ணலாம். ஒரு நாலு குழந்தை குணமாச்சுன்னு இருந்தாக்கூடப் போதும், மருந்து பயனுள்ளதுன்னு எழுதிடலாம். மத்த எல்லாருக்கும் தொடர்ந்து கிடைக்கும். குணமான நாலு பேருக்கு மட்டும் விதிப்படி நிறுத்திடுவோம். யார் குழந்தை குணமாச்சு? கையைத் தூக்குங்க."

எலக்ட்ரீஷியன் பெஞ்சு அம்மாவைப் பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார். முன்வரிசை பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தது. நாலே நாலு கை போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எலக்ட்ரீஷியன் நின்றது நின்றபடியே இரண்டு கைகளையும் மெல்ல பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

அலுவலர் நியாயமாக ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்து, குணமடைந்தோர் எவருமில்லை, பெற்றோர் முன்னிலையில் உறுதி செய்யப்பட்டது என்று எழுதினார்.