சின்னம் இல்லாத சுவர்

யானையின் தும்பிக்கை இன்னும் காயவில்லை. அதற்குள் எதிர் ஃபிளாட்டிலிருந்து தியாகராசா ஓடி வந்துவிட்டார்.

“பிள்ளை மேனுகா, என்ன வேலை பாத்திருக்கிறாய்? எலெக்சன் நேரம்! யானை ஒரு கட்சியின்ர சின்னமெல்லே!”

மேனுகா தூரிகையோடு ஏணியில் நின்றபடியே திரும்பினாள். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த ஒரு சிறுவர் நேர்சரியின் வெளிச்சுவர்தான் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை. “பிள்ளையள் பாத்துச் சிரிக்கோணும். வேற ஆரும் பாத்துக் கோவிக்கக் கூடாது” என்று மட்டுந்தான் உரிமையாளர் சுபோதினி ரீச்சர் சொல்லியிருந்தார்.

“இது பலூன் பிடிச்ச யானை, அங்கிள்.”

“பொலிஸ் வந்தா பலூனையோ பாக்கும்?”

தியாகராசா ஃபிளாட் சங்கத்தின் தலைவர். யார் வீட்டில் தண்ணீர் நின்றாலும், லிப்ட் நடுவழியில் நின்றாலும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். அப்படிப்பட்டவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மேனுகா யானையின் முதுகைக் கூரையாக்கினாள். வயிற்றில் கதவு வைத்தாள்; நாலு காலையும் தூணாக விட்டாள். யானை வீடானது.

மறுநாள் காலையிலேயே அவர் வந்துவிட்டார்.

“வீடும் சின்னம்தானே, பிள்ளை!”

அவள் வீட்டுக்குச் சில்லுப் பூட்டி, சிவப்பு அடித்து, சீற்றுகளில் ஆட்களை இருத்தி பஸ்ஸாக்கினாள்.

“பஸ் சின்னத்தில ஒரு சுயேச்சைக் குழு எலெக்சன் கேக்குது.”

பஸ்ஸுக்கு வாலும் செதிலும் வைத்து மீனாக்கினாள்.

“ஐயோ, மீனில இன்னொரு குழு!” என்றார் தியாகராசா. “எனக்கென்ன, நான் உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

இதற்குள் நேர்சரி விட்டு வந்த அபிஷன் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டான். அவனுக்கு நாலு வயது.

“மிஸ், இந்த மீன் ஏன் நாலு காலில நிக்குது?”

“அது... நடக்கிற மீன்.”

“அதுக்குள்ள ஆக்கள் ஏன் சீற்றில இருக்கினம்?”

மேனுகா துணியை எடுத்து ஒரு தலையை அழிக்கப் பார்த்தாள். பின்னால் வந்த சுபோதினி ரீச்சருக்குக் கோபம் நிறைய வந்தது.

“நான் கேட்டது பிள்ளையள் சிரிக்கிற படம். நீர் பஸ் விழுங்கின மீனைக் கீறி வச்சிருக்கிறீர்! நாளைக்குப் புது வகுப்பறைத் திறப்பு விழா. விடியமுதல் இது ஒரு படமா இருக்கோணும். இல்லாட்டி நுகேகொடையில இருந்து வேற ஆளைக் கூப்பிடுவன்.”

ரீச்சர் போனதும் மேனுகா பெயின்ற் வாளியின் மேல் குந்திவிட்டாள். எதிரில் தியாகராசா இன்னும் நின்றிருந்தார்.

“அங்கிள், ஒருத்தரும் எடுக்காத ஒரு பொருள் உலகத்தில இருக்கோ?”

தியாகராசா நாடியைத் தடவினார்.

“மனுச முகம். அது ஒருத்தற்ற சின்னமும் இல்லை.”

“ஆற்ற முகத்தைக் கீற?”

“பிள்ளையளுக்குப் பழகின முகமா இருக்கோணும். சிரிச்ச முகமா...” என்றபடி அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். “ஆரும் கிடைக்காட்டி, எனக்கு இப்ப வேலை ஒண்டும் இல்லை.”

அவர் தலை ஏற்கெனவே படிய வாரியிருந்தது. சேட்டு புதிது.

மேனுகாவுக்கு உயிர் வந்தது. மளமளவென்று கீறத் தொடங்கினாள்.

“அந்த வழுக்கையைக் கொஞ்சம் மறைச்சு விடு, பிள்ளை. பல்லுத் தெரியட்டும். கை ரெண்டையும் கும்பிட்டமாதிரிக் கீறினா, பிள்ளையள் வணக்கம் சொல்லப் பழகுங்கள். முகம் காலி வீதி மெயின் ரோட்டுப் பக்கம் பாக்கட்டும். காத்து வரும்.”

படத்துக்கு எதற்குக் காற்று என்று மேனுகா கேட்கவில்லை. மீன் மறைந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

திறப்பு விழா அமோகமாக நடந்தது. ஒரு ஆள் உயரத்துக்குச் சிரித்த முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் “அங்கிள்!” என்று கத்தினார்கள். தாய்மார் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்தார்கள். தியாகராசா கேற்றடியில் நின்று ஒவ்வொரு பெற்றோருக்கும் கைகூப்பினார். “இதுதான் கலை” என்று சுபோதினி ரீச்சர் மேனுகாவைக் கட்டிப்பிடித்தார்.

அப்போது ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கிய கான்ஸ்டபிள் சுவரைக் கீழிருந்து மேலாக ஒருமுறையும், மேலிருந்து கீழாக ஒருமுறையும் பார்த்தார். மேனுகா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் போனாள்.

“வடிவாப் பாருங்கோ சேர். இதில ஒரு கட்சிச் சின்னமும் இல்லை.”

கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். தெரிந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்:

“மிஸ், நர்சரியில எந்த மிருகம் கீறினாலும் கேஸ் இல்ல. கேண்டிடேட்ட மூஞ்சி கீறினாத்தான் கேஸ்.”