நம்பர் விழுந்த வயல்

தென்காசித் தாலுகாவில் தன் இஷ்டப்படி ஒரு காரியமும் செய்யாமல் வாழ்ந்த ஒரே மனிதர் ராண்டம் அண்ணாச்சிதான். இட்லியா தோசையா என்பதில் தொடங்கி எந்த அருவியில் குளிப்பது என்பது வரை, அவருக்காக எல்லாவற்றையும் ஒரு சின்னப் புத்தகம் முடிவு செய்தது. மனைவி சொல் கேட்டு நடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜோசியர் சொல் கேட்டு நடப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். நம்பர் சொல் கேட்டு நடந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் நானும் அவரும் ஒரே ஆபீஸ். தாலுகாவில் நெல் எவ்வளவு விளைகிறது என்று சர்க்காருக்குச் சொல்வது எங்கள் வேலை. அதற்காக எல்லா வயலையும் அறுத்து நிறுத்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? ஆகவே ஊருக்கு இரண்டு வயல், அந்த வயலிலும் ஒரு சின்னச் சதுரம். குச்சி நட்டு, கயிறு கட்டி, அதற்குள் நிற்பதை மட்டும் அறுத்து, அடித்து, நிறுத்து எழுத வேண்டும். எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்துச் சராசரி போட்டால் தாலுகாவின் விளைச்சல் கிடைத்துவிடும். அண்ணாச்சி குச்சி நடுவார். நான் கயிறு பிடிப்பேன்.

எந்த வயல், வயலுக்குள் எந்த இடம் என்பதை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம்மை விட்டால் கண் நல்ல கதிரைத் தேடும், கால் வரப்பை விட்டு இறங்காது, வயல்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தால் மனசும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் புத்தகம். பக்கம் பக்கமாக எண்கள், முன்னுக்குப் பின் ஒரு ஒழுங்கும் இல்லாமல் கலைந்து கிடக்கும். கண்ணை மூடிப் பென்சிலை வைத்து, அங்கிருந்து கீழே இறங்கி வாசித்தால் அது சொல்கிற சர்வே நம்பர்தான் நாம் போக வேண்டிய வயல். ராண்டம் நம்பர் என்று பெயர். எங்களுக்கெல்லாம் அது ஆபீஸ் வேலை, சாயங்காலம் பூட்டிவிட்டுப் போய்விடுவோம். அண்ணாச்சியோ பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். அப்புறம் அவருடைய சொந்தப் பெயரை வருகைப் பதிவேடு தவிர யாருமே ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

மாம்பழம் வாங்கும்போது அவரோடு போகவே கூடாது. குற்றாலத்தில் ஒரு அம்மாள் கூடை நிறையப் பழம் வைத்திருந்தாள். மேலே இருந்ததெல்லாம் தங்க நிறம். அண்ணாச்சி புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "கீழ இருந்து பதினேழாவது பழம் எடுத்துக் குடும்மா" என்றார்.

"ஏன், மேல உள்ளதுக்கு என்ன கொறச்சல்?"

"அது காட்டுததுக்குன்னு வச்சது. கூடை எப்பிடின்னு அது எப்பிடிச் சொல்லும்?"

கூடை முழுவதும் சாக்கில் கொட்டப்பட்டது. பதினேழாவது பழம் அழுகல். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீராவே?" என்று என்னிடம் காட்டினார். அந்த அம்மாள் என்னைத்தான் திட்டினாள், நான் பக்கத்தில் நின்றதால்.

சராசரியே தன் தொழில் என்றாலும் சராசரி மீது அவருக்கு அபார பயம் இருந்தது. எங்கள் ஆபீஸில் மூன்று பியூன்கள். ஒருவர் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், ஒருவர் மேஜைக்குப் பின்னால் நின்றால் தெரிய மாட்டார், மூன்றாமவர் நிற்பதைவிடப் படர்ந்திருந்தார். காக்கிச் சட்டை தைக்க அளவு கேட்டபோது, எங்கள் அதிகாரி சிக்கனமாக மூன்று பேருக்கும் சராசரி போட்டு ஒரே அளவாக எழுதி அனுப்பிவிட்டார். வந்த உடுப்பு ஒருவருக்கும் சேரவில்லை. நெட்டையருக்குக் கால்சட்டை முழங்காலோடு நின்றது, குட்டையர் நடக்கும்போது கூட்டிப் பெருக்கிக்கொண்டே போனார். "சராசரி ஊருக்குத்தான்வே, ஆளுக்கு இல்ல" என்று அண்ணாச்சி ஒரு வாரம் சொல்லிச் சொல்லி ரசித்தார்.

இன்னொரு முறை, "இந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் எப்படி?" என்று மதுரையிலிருந்து அவருடைய சிநேகிதர் கடிதம் போட்டுக் கேட்டுவிட்டார். வேறு யாராக இருந்தாலும் 'பிரமாதம்' என்று ஒரு கார்டு எழுதியிருப்பார்கள். அண்ணாச்சி புத்தகத்தை எடுத்து ஆனி, ஆடி மாதங்களில் மூன்று நாள் பொறுக்கினார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். முதல் நாள் அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காய்ந்த பாறைக்குக் கீழே இரண்டு பேர் துண்டோடு நிற்பதைக் குரங்குகள் குடும்பத்தோடு வந்து பார்த்தன. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் பரிதாபப்பட்டு, "வெறும் எண்ணெயாவது தேச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்றார். இரண்டாவது நாள் வெள்ளம், பக்கத்திலேயே விடவில்லை. மூன்றாவது நாள் அருமையான தண்ணீர், சாரல், காற்று. அன்று எனக்குச் சளிக்காய்ச்சல்.

"தண்ணி நல்லா விழுத அன்னைக்கு மட்டும் போயிட்டு வந்து சீசன் பிரமாதம்னு சொல்லுதது பொய்வே" என்றார் அவர். சிநேகிதருக்கு 'சுமார்' என்று எழுதிப் போட்டார். அந்த மனிதர் அந்த வருஷம் வரவே இல்லை.

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? முப்பத்தாறு வயதாகிவிட்டது. என்னைவிட இரண்டே வயது மூத்தவர், எனக்கோ இரண்டு குழந்தைகள். ஒருவழியாகச் சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு வரன் வந்தது. பெண் பெயர் உலகம்மாள். அப்பா நல்ல விவசாயி, அதைவிட நல்ல வாய். தன் வயலில் விளைகிற மாதிரி தாலுகாவில் எங்கேயும் விளையாது என்று காபிக் கடையில் தினமும் சொல்லுவார். ஊர் அவருக்கு 'களஞ்சியம்' என்று பெயர் வைத்திருந்தது. அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். அண்ணாச்சி மறுத்துவிட்டார். அது காட்டுவதற்கென்று வைத்த நாளாம். புத்தகம் சொன்ன ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் என்னையும் கூட்டிக்கொண்டு போய் நின்றார். உலகம்மாள் முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கரி, கையில் துடுப்பு. எங்கள் கையில் இருந்த காகிதக் கட்டைப் பார்த்துவிட்டு, "ஆடு கணக்கெடுக்க வந்தியளா? எல்லாம் மேயப் போயிருக்கு. சாயங்காலமா வாங்க" என்றாள்.

"இல்ல, ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்" என்றார் அண்ணாச்சி.

அவள் ஓடி ஒளியவில்லை. கரியையும் துடைக்கவில்லை. "அப்பம்னா செத்த நேரம் உக்காருங்க. இந்த அடுப்ப இறக்கிட்டு வாரேன்" என்றாள்.

திரும்பித் தென்காசி வந்ததும் அண்ணாச்சி, "நல்ல பொண்ணுவே" என்றார். அவர் வாயிலிருந்து 'சுமார்' அல்லாத ஒரு சொல்லை நான் கேட்டது அன்றுதான். வைகாசியில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. மனுஷருக்குத் தரையில் கால் பாவவில்லை. குச்சி நடும்போதுகூட ஏதோ ராகம் முனகினார்.

மாசியில் அறுப்பு வந்தது. புத்தகத்தில் பென்சிலை வைத்தார். சுந்தரபாண்டியபுரத்தில் எண் விழுந்த வயல், சாட்சாத் களஞ்சியத்தின் வயல்.

சேதி கேட்டுக் களஞ்சியம் பூரித்துப்போனார். "பாத்தியளா, எது நல்ல வயல்னு நம்பருக்கே தெரிஞ்சிருக்கு!" என்று ஊரெல்லாம் சொன்னார். அன்று காலையில் பாதி ஊர் வரப்பில் நின்றது. எங்களுக்கு நாற்காலி, இளநீர் எல்லாம் தயார். அண்ணாச்சி எதையும் தொடாமல் வயலின் தென்மேற்கு மூலைக்குப் போய், புத்தகத்தைப் பார்த்து, வடக்கே இத்தனை தப்படி, கிழக்கே இத்தனை தப்படி என்று நடந்தார். குச்சி போய் விழுந்த இடம் புங்க மரத்து நிழல். வயல் முழுவதும் கதிர் தலை சாய்ந்து நிற்க, அந்த நிழலில் மட்டும் பயிர் நோஞ்சானாக, எண்ணிவிடலாம் போல் நின்றது. வரப்பில் யாரோ சிரித்தார்கள்.

களஞ்சியம் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, அந்தக் குச்சியப் பத்தடி கெழக்க நட்டுருங்க."

"நம்பர் இங்கன விழுந்துருக்கு மாமா."

"மரத்தடிய வச்சா எம்வயல எடை போடுதது? வயலப் பாருங்க!"

"ஒங்க வயல எடை போடல மாமா. இங்கன கொறச்சலா விழும், இன்னொரு ஊர்ல கூடுதலா விழும். எல்லாஞ் சேந்துதான் கணக்கு. ஊருக்கு ஒரு மாமனார் இருப்பாரு. ஆளாளுக்குப் பத்தடி நவத்துனா தாலுகாவே பத்தடி நவுந்துரும்லா?"

வரப்பில் சிரிப்பு பெரிதாயிற்று. களஞ்சியத்தின் முகம் கறுத்தது. இப்போது ஊருக்கே கேட்கும்படி சொன்னார்: "நம்பரா எம்பொண்ணக் கெட்டப் போவுது? குச்சி நவுந்தாத்தான் கல்யாணம்!"

அண்ணாச்சி கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார். அவருடைய முதுகைப் பார்த்தேன், எனக்குத் தாங்கவில்லை. முப்பத்தாறு வயதுக்கு மேல் இவருக்கு இன்னொரு பெண்ணா வரப்போகிறாள்? வரப்பில் நின்ற கண்ணெல்லாம் கிணற்றடிப் பக்கம் திரும்பியிருந்த சமயம் பார்த்து, குச்சியைப் பிடுங்கிப் பத்தடி கிழக்கே நட்டுவிட்டேன். களஞ்சியம் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கும்பிட்டார்.

எதையும் இரண்டு முறை அளப்பது அண்ணாச்சி வழக்கம் என்பது அந்த நேரத்தில் எனக்கு மறந்துபோயிற்று. வந்தவர் மறுபடியும் மூலையிலிருந்து தப்படி வைத்தார். புங்க மரத்தடியில் நின்றார். குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"குச்சி நடந்துருக்குவே" என்றார்.

"ஒமக்காகத்தான் அண்ணாச்சி..."

"எனக்காகன்னா வேற என்ன வேணும்னாலும் செய்யும். குச்சியத் தொடாதீரும்."

நிழலுக்குள்ளேயே நட்டு, அறுத்து, அடித்து, தராசில் வைத்தார். தட்டு அசையவே யோசித்தது. எழுதியதை உரக்க வாசித்தார், அதுதான் விதி. களஞ்சியம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நிச்சயத்துக்குக் கொடுத்த தாம்பாளம் மறுநாளே திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு ஓட்டலில் அண்ணாச்சி புத்தகத்தை எடுக்கவில்லை. "எதையாவது கொண்டா" என்றார். பரிமாறுகிறவன் பயந்துபோய் என்னிடம் வந்து, "அவுகளுக்கு ஒடம்புக்கு என்ன?" என்று கேட்டான். எனக்குத்தான் ஆற்றாமை. "நவத்திருந்தா என்ன கொள்ளை போயிருக்கும்?" என்று ஒரு நாள் கத்தியேவிட்டேன்.

"நவத்திருந்தா, அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் குச்சிதான்வே தெரியும்" என்றார். பென்சிலைச் சீவிக்கொண்டே, "ஆனா மனசு கெடந்து அடிச்சிக்கிடுது" என்றார்.

பங்குனியில் ஒரு நாள் காலை, ஆபீஸ் வாசலில் களஞ்சியம் வந்து நின்றார். பின்னால் உலகம்மாள். பியூன்கள் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். களஞ்சியம் தரையைப் பார்த்துக்கொண்டு, "இவ ஒரே பிடியா நிக்கா. நீயே சொல்லுட்டி" என்றார்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. அண்ணாச்சியிடம் பேசாமல், ஆபீஸுக்கே பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னாள்:

"இதுக்கு முன்ன நாலு பேரு என்னப் பாத்துட்டுப் போனாக. எங்கய்யா சொன்னதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு தலையாட்டுனாக. ஊருக்குப் போயி லெட்டர் போடுதோம்னாக. ஒருத்தரும் போடல. இவுகதான் எங்கய்யா மூஞ்சிக்கு நேரா இல்லன்னாக. இல்லங்கத இல்லன்னு சொல்லுதவுக, ஆமான்னு சொன்னா அது ஆமாவாத்தான இருக்கும்?"

அப்புறம் அவரைத் திரும்பிப் பார்த்து, "இப்பம் சொல்லுங்க" என்றாள்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்து, இரண்டு ஊர் விளைச்சல் நனைந்துபோயிற்று. "ஆமா" என்றார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பந்தியில் சாம்பார் வாளி என் கையில். முகூர்த்த நாளைக் குறிக்க அண்ணாச்சி பையைத் திறக்கப் போனதாகவும், உலகம்மாள் பார்த்த ஒரு பார்வையில் பை தானாக மூடிக்கொண்டதாகவும் கேள்வி. களஞ்சியம் மட்டும் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் தன் வயலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், புங்க மரத்தடி நீங்கலாக.

நான் அவரோடு பத்து வருஷம் கயிறு பிடித்தேன். பிறகு எனக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பு விழாவில் அதிகாரி என்னைக் கடமைவீரன் என்றார், ஹெட்கிளார்க் தங்கக் கட்டி என்றார். ஒரு வார்த்தையும் எனக்கு ஒட்டவில்லை. எல்லாருக்கும் சொல்வதுதானே? அண்ணாச்சி பேசவே எழுந்திருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் கூட வந்தார். என் பெட்டியை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். பஸ் கிளம்பும்போது சொன்னார்:

"பத்து வருசமாப் பாத்துட்டேன்வே. நல்ல நாளும் பாத்தேன், கெட்ட நாளும் பாத்தேன். நீரு நல்ல மனுசன்."

இல்லாததைச் சொல்லத் தெரியாத மனிதர். அதனால் இன்றுவரை அதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.