பெயிண்ட் பத்திரம்

பிரேக் லீவரை அழுத்தினால் அது கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி அது பாட்டுக்கு உருண்டது. பின்பக்கச் சுவருக்கு ஒரு சாண் இருக்கும்போது மாப்பிள்ளை இரண்டு காலையும் ஊன்றி எப்படியோ நிறுத்தினான்.

சுவரில் இடித்து அவனுடைய பல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. வண்டி மாமனாருடையது. அவனும் மனைவியும் குடியிருக்கும் மாடியும் அவருடையது. டேங்கில் ஒரு கீறல் விழுந்தாலும் மாடியைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்.

"இன்ஜின் போனா போகட்டும். பெயிண்ட் பத்திரம், மாப்ளே!" என்பார். பெற்ற பெண்ணைக்கூட மனுஷன் இவ்வளவு சொல்லி ஒப்படைக்கவில்லை.

அன்று காலையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். "பழைய சிநேகிதன் ஒருத்தன் வர்றான், ஆட்டோல போய் அழைச்சுட்டு வரேன். வண்டியைப் பின்னாடி தள்ளி வைங்க. அவன் கண்ணு பொல்லாத கண்ணு. சாயங்காலம் நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கணும்."

சாயங்காலம் அவர் ஓட்டிக்கொண்டு போய் எங்காவது இடித்தால்? அவர் பிழைத்துவிடுவார், பெயிண்ட் பிழைக்காது.

"மெக்கானிக் கிட்ட தள்ளிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

"கடை லீவு. இதென்ன பெரிய வித்தையா? பழைய பிரேக் ஆயிலை வெளியே எடுத்துட்டு புதுசு ஊத்தணும். அவ்ளோதான்."

கைப்பிடியை ஒட்டியிருந்த பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தான். ஆயில் ஆறிப்போன டீ மாதிரி கறுத்துக் கிடந்தது. அதைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினான். குழாய்க்குள் மிச்சமிருக்கும் பழையதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அவர்கள் கணவன் மனைவியாக இருக்கக் கூடாது என்று யாரும் அவனுக்குச் சொல்லித் தொலைக்கவில்லை.

"நான் 'பிடி'ன்னா லீவரைப் பிடி. 'விடு'ன்னு சொல்ற வரைக்கும் விட்டுடாதே. நடுவுல விட்டா காத்து உள்ளே போயிடும்," என்று சொல்லிவிட்டு முன்சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்து திருகைத் தளர்த்தினான். "பிடி!"

பிடித்தாள். கறுப்பு ஆயில் கீழே வடிந்தது.

"ஏங்க, அப்பாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"அம்மா தாயே, அந்தப் பேச்சை விடு!"

விட்டாள். லீவரை.

குபுக்கென்று காற்று உள்ளே போனது.

"ஐயோ, ஏண்டி விட்டே?"

"நீங்கதானே விடுன்னீங்க?"

"பேச்சை விடச் சொன்னேன்!"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? இந்தாங்க, பிடிச்சாச்சு. விட்டாச்சு. பிடிச்சாச்சு. விட்டாச்சு. போதுமா?"

கோபத்தில் படபடவென்று அழுத்தினாள். மேலே மூடி திறந்தே இருந்தது. ஆயில் பீச்சியடித்து டேங்க் முழுக்க வழிந்தது.

"துடைங்க, துடைங்க!"

துடைத்தான். துணியோடு டேங்கின் சிவப்புப் பெயிண்டும் வந்தது. பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. இன்னும் அழுத்தித் துடைத்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை தெரிந்தது.

"என்னங்க இது, உள்ளே பச்சையா இருக்கு?"

"கம்பெனியில முதல்ல பச்சை அடிச்சு, அதுக்கு மேல சிவப்பு அடிப்பாங்க போல."

மனைவி ஓடிப்போய்ச் சிவப்பு நெயில் பாலிஷ் கொண்டுவந்தாள். பூசினார்கள். அது திரைந்த பால் மாதிரி சுருங்கி, நன்றாக இருந்த பெயிண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டது. மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இந்த மாடியை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது.

"பாத்திரத்தையெல்லாம் மூட்டை கட்ட ஆரம்பி," என்றான்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. கொடியில் கிடந்த பெட்ஷீட்டை உருவி வண்டிமேல் போர்த்திவிட்டு உள்ளே ஓடினான்.

சிநேகிதர் தொந்தியும் சிரிப்புமாக வந்து சேர்ந்தார். வந்ததும் கை கால் கழுவ வேண்டும் என்றார்.

"பின்பக்கம் வேண்டாம், இங்கேயே தண்ணி தரேன்!" என்று மாமனார் பதறினார்.

"ஆமா, பின்பக்கம் ஒரே வழுக்கல்!" என்று மாப்பிள்ளை அவரைவிட அதிகமாகப் பதறினான்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து கதவை மறித்ததில் சிநேகிதருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அப்படி என்னதான் இருக்கிறது என்று இருவரையும் விலக்கிக்கொண்டு போய்விட்டார்.

"இதென்னடா, பொணத்தை மூடின மாதிரி?"

பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்தார். பெயிண்டோடு ஒட்டிக்கிடந்த துணி பர்ரென்று பிரிந்தது. மிச்சமிருந்த சிவப்பும் அதோடு போனது. பளிச்சென்று பச்சை டேங்க். அதன் நடுவில் கோணல் மூக்கோடு ஒரு மஞ்சள் வாத்து.

மாமனார் முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளை கைகூப்பினான்.

"மாமா, தப்பு என்னுதுதான். இப்பவே காலி பண்ணிடறோம்."

சிநேகிதர் அந்த வாத்தை ஒரு விரலால் மெல்லத் தடவினார். பிறகு மாமனார் பக்கம் திரும்பினார்.

"இந்த வாத்தை வரைஞ்சவன் நான்டா. இரவல் வாங்கிட்டுப் போன என் வண்டி களவு போயிடுச்சுன்னு என் தோள்ல சாஞ்சு அழுதவன் நீ!"