மாப்பிள்ளை மாட்டிய அலாரம் பெட்டி

சித்தூர்
ஆகஸ்ட் 2005

அன்பு மகள் லோயிஸுக்கு, உன் நைனா சுந்தர்சிங் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். டல்லாஸில் நீயும் மாப்பிள்ளை பென்னியும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

இந்தக் கடிதமே மாப்பிள்ளையைப் பாராட்டத்தான். போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, “மாமா, இது இருந்தா நாங்க அங்க நிம்மதியா தூங்குவோம்” என்று ஹால் சுவரில் நம்பர் பொத்தான்கள் வைத்த அந்த அலாரம் பெட்டியை மாட்டினாரே, அன்றைக்கு நான் உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் பாகாலா ஸ்டேஷனில் சிக்னலைப் பார்த்தே தலை நரைத்தவனுக்குச் சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்தால் மரியாதை தானாக வந்துவிடாதா? தினமும் துடைத்து வைத்தேன். உன் அம்மாதான், “நம்ம வூட்டுக்குள்ள நாம பூர்றதுக்கு நம்பர் சொல்லணுமா? நான் இன்னா திருடியா?” என்று முரண்டு பிடித்தாள். சர்ச்சிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் நம்பர் மறந்து போகும், சைரன் ஊரைக் கூட்டும். மறக்காமலிருக்க ரகசிய எண்ணைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சாக்பீஸால் பெரிதாக எழுதி வைத்தாள். ஆள் நடமாட்டம் பார்க்கும் கண்ணாடிமேல் பல்லி ஊர்ந்தாலும் சைரன், மாதர் சங்க ஜெபக்கூட்டத்தில் யாரோ ஒரு அம்மா லைட் சுவிட்ச் என்று நினைத்து, ஆபத்துக்கென்று வைத்த சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் சைரன். அன்று கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் இயேசு திரும்பி வரும் நாளின் கடைசி எக்காளம்தான் ஊதிவிட்டது என்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

போனில் உன் அம்மாவுக்கு லேசான மயக்கம் என்று மட்டும் சொன்னேன். நடந்தது இதுதான். போன செவ்வாய்க்கிழமை மதியம், சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஹாலில் அப்படியே சரிந்துவிட்டாள். உடம்பெல்லாம் வியர்வை, தட்டினால் அசைவில்லை. அன்று மழையில் டெலிபோன் செத்துக் கிடந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது அந்தப் பெட்டி. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அம்மாடி, என்ன சத்தம்! கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு நாகபூஷணம் லுங்கியோடு மதில் ஏறிக் குதித்து வந்தார், பின்னாலேயே அவர் மனைவி பத்மினி. உன் அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். “இன்னும் தாமதமாகியிருந்தால் என் கையில் இல்லை” என்றார் டாக்டர். குளுகோஸ் ஏறி அவள் கண் திறக்கும்வரை நான் பைபிளில் எந்தச் சங்கீதத்தைச் சொல்லி ஜெபித்தேன் என்று எனக்கே தெரியாது. கண் திறந்தவள் முதலில் கேட்டது, “கதவ சாத்தினியா? நம்பர் போட்டியா?”

ஆகவே மாப்பிள்ளையிடம் சொல், அது பெட்டியல்ல, உயிர் காக்கும் தேவதூதன். சர்ச்சுக்கும் ஒன்று வாங்கச் சொல்லி சபைப் போதகர் ஐயரிடம் பேசிவிட்டேன். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

உன் நைனா,
சுந்தர்சிங்

பி.கு. முந்தாநாள் கவரை ஒட்டப்போகும் நேரத்தில் நாகபூஷணம் வந்தார். பெருமையாக இதைப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். “இன்னா சார் நீ! அந்தப் பொட்டி தெனமும்தான் கூவுது, அதுக்கு எவன் வருவான்? நாங்க சோறு துன்னுகினு இருந்தோம், எழுந்திருக்கவேயில்ல. ‘கேசியா! கேசியா!’ன்னு நீ கத்தினியே, அதக் கேட்டுத்தான் குதிச்சு வந்தேன். உனக்கு இவ்ளோ பெரிய தொண்ட கீதுன்னு இந்த வீதிக்கே தெரியாது.” நான் கத்தியது எனக்கு நினைவேயில்லை. கல்யாணமான நாளிலிருந்து உன் அம்மாவை “இந்தாம்மா” என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் பேர் சொன்னதில்லை. சமையலறையிலிருந்து உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இப்போது “இந்தாம்மா” என்றால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேர் சொன்னால்தான் காப்பி வருகிறது.