கை தட்டிப் பார்ப்பவர்

வெறுஞ்சுவரைக் கண்டால் சிலர் சாய்வார்கள், சிலர் ஆணி அடிப்பார்கள். இன்னொரு இனம் இருக்கிறது: கை தட்டிப் பார்க்கும் இனம். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். புதுவீட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், பலகாரத்தை ஒரு கை பார்ப்பார், பிறகு நடு அறையில் நின்று கண்ணை மூடி, "டப்" என்று ஒரு தட்டுத் தட்டித் தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரிப் பெருமூச்சு விடுவார்.

"சத்தம் திரும்புது."

திரும்பாமல் எங்கே போகும்? பாலம் கடந்து முருங்கனுக்கா?

மன்னாரில் அந்தப் பதவி சிங்கராசாவுக்கு. கொழும்பில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெற் கிழித்தவர். உள்ளே படம் ஓடும்போது வெளியே நின்றவருக்குத் தெரியாத சத்தமா?

டொமினிக் அவரைத் தேடிப் போனது கெட்ட காலம். தகப்பன் தொடங்கிய பாண்ட் கோஷ்டியை அவன்தான் நடத்துகிறான். வாசித்துப் பழகுவது ஒரு பழைய கருவாட்டுக் கொட்டிலில். சுற்றிச் சீமெந்துச் சுவர், மேலே தகரம். ட்றம்பெற்றில் ஒரு மூச்சு விட்டால் அது தகரத்தில் முட்டிச் சுவரில் மோதி, றம் மேளம் அடிப்பவனின் காதுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த பாட்டே தொடங்கிவிடும். போன வேதக்கோயில் திருநாளில், சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் முன்வரிசை ஒரு பாட்டும் பின்வரிசை வேறொரு பாட்டும் வாசித்ததில், புனிதரின் சுரூபம் தூக்கியவர்களுக்கு எந்தக் காலை முன்னே வைப்பதென்று தெரியவில்லை.

"இந்த முறையும் இப்பிடியெண்டால் விடத்தல்தீவிலையிருந்துதான் பாண்ட் எடுப்பன்" என்று பங்குச் சுவாமி சொல்லிவிட்டார்.

சிங்கராசா வந்தார். மூலைக்கு மூலை தட்டினார்.

"தம்பி, பிழை உங்களிலை இல்லை. சுவரிலை."

அந்த ஒரு சொல்லுக்கே கோழி அடித்துக் கறி வைக்கலாம். வைத்தார்கள்.

மருந்தையும் அவரே சொன்னார்: சத்தத்தை உறிஞ்ச, சுவர் முழுக்க முட்டை அடுக்கும் மட்டைத் தட்டு ஒட்ட வேண்டும். கடை கடையாய்க் கெஞ்சித் தட்டுச் சேர்த்து, கிடாரத்தில் கோதுமை மாப் பசை காய்ச்சி, தரையிலிருந்து தகரம் வரை ஒட்டி, காயட்டும் என்று கதவைத் திறந்து விட்டார்கள்.

பக்கத்து வளவு அன்னப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். புருஷன் போன பிறகு அவள் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை.

"எடேய் டொமினிக்கு, மாப் பசையே பூசினனீங்கள்? றோட்டு றோட்டாத் திரியிற மன்னார்க் கழுதையளிட்டைச் சொல்லிப்போட்டோ கதவைத் திறந்து விட்டிருக்கிறியள்?"

"அன்னப்பிள்ளையக்கா, இது விஞ்ஞானம்" என்றார் சிங்கராசா.

"அது கழுதைக்குத் தெரியுமோ?"

தெரியவில்லை. விடிந்து பார்த்தால், கழுத்து எட்டிய உயரம் வரை வெறுஞ்சுவர். ஒரு கழுதை இன்னும் உள்ளே நின்று மென்றுகொண்டிருந்தது. டொமினிக் தலையில் கை வைத்தான். சிங்கராசா கை தட்டினார்.

"பாத்தியே! இப்பதான் சரி. கீழை திறந்தும் மேலை மூடியும் கிடக்கவேணும். நான் அப்பவே சொல்ல நினைச்சனான்."

"அது கிடக்கட்டும்" என்றாள் அன்னப்பிள்ளை. "திருநாளண்டு நீங்கள் றோட்டிலை நடந்தெல்லோ வாசிக்கப் போறியள்? றோட்டுக்குச் சுவர் எங்கையடா?"

கழுதைதான் வாயைத் திறந்து பதில் சொன்னது.

அன்றிலிருந்து டொமினிக் தன் ஆட்களைக் கடற்கரை றோட்டில் நடத்தி நடத்தியே பழக்கினான். திருநாளன்று சுரூபம் தூக்கியவர்கள் கால் பிசகாமல் ஒழுங்காகப் போய்க் கோயிலுக்குள் ஏறினார்கள். ஆனால் வெளியே நின்று வாசித்த கடைசிப் பாட்டின் முடிவில் றம் ஒரு அடி பிந்திவிட்டது. சுவாமியின் புருவம் உயர்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தின் நடுவிலிருந்து "டப்" என்று ஒரு தட்டு. ஆரோ பாராட்டுகிறார் என்று பக்கத்திலிருந்தவர்களும் தட்ட, முழு வளவும் தட்டியது. சுவாமியும் என்ன செய்வார், இரண்டு தட்டுத் தட்டினார்.

"சரி, டொமினிக். வாற வருசமும் நீங்கள்தான்."

சிங்கராசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டொமினிக்கின் காதுக்குள் குனிந்தார்.

"கேட்டியே? கோயில் முகப்பிலை சத்தம் திரும்புது."

அந்தக் கோஷ்டியைத் திருத்தியது தானே என்று இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். இல்லை என்று எப்படிச் சொல்வது?

சிரிக்கிறீர்களாக்கும். சிரியுங்கோ. ஆனால் கடைசியாக ஒரு வெற்று அறைக்குள் தனியே போனீர்களே, அப்போது உங்கள் இரண்டு கையும் என்ன செய்துகொண்டிருந்தன?